யாரிடம் கேட்கிறோம்? புகையிலைப் பயன்பாட்டு ஆய்வுகளில் கூறெடுப்பு முறைத் தெரிவு: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

புகையிலைப் பயன்பாடு குறித்த பொதுச் சுகாதார ஆய்வுகள் தரும் சதவீதங்கள், அவை எவ்வகைக் கூறெடுப்பால் பெறப்பட்டன என்ற வினா இன்றியே பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுகின்றன. உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வு, தேசியக் குடும்ப நல ஆய்வு, உலகளாவிய இளையோர் புகையிலை ஆய்வு ஆகிய மூன்றின் இந்தியச் சுற்றுகளை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. மாதிரியின் பருமனைக் காட்டிலும், வீட்டினுள் யார் தெரிவு செய்யப்படுகிறார், அவருக்காக யார் பதில் சொல்கிறார், சட்டகத்துக்கு வெளியே யார் நிற்கிறார் என்பனவே முடிவை மிகுதியாக மாற்றுகின்றன என்பது இதன் கருத்து. இதனடிப்படையில், முனைவர் பட்ட ஆய்வுகளில் வழங்கிவரும் கூறெடுப்பு வழக்கங்கள் திறனாய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கூறெடுப்பு, சட்டகம், எடையிடுதல், வடிவமைப்பு விளைவு, புகையிலைப் பயன்பாடு, பொதுச் சுகாதாரம்.

1. முன்னுரை

புகையிலைப் பயன்பாடு பற்றிய ஆய்வேடுகளின் முதல் இயலில் நாட்டளவிலான ஒரு சதவீதம் இடம்பெறுவது வழக்கம். சிக்கலின் பரப்பை உணர்த்த அவ்வெண் பயன்படுகிறது. மூன்றாம் இயலுக்கு வரும்போது ஆய்வாளர் தம் மாதிரியை விளக்க வேண்டியவராகிறார். அங்கே பெரும்பாலும் ஒரே தொடரில் செய்தி முடிந்துவிடுகிறது: 'எளிய சமவாய்ப்புக் கூறெடுப்பு முறையில் பதிலளிப்போர் தெரிவு செய்யப்பட்டனர்.' முதல் இயலின் எண் எவ்வாறு கிடைத்தது என்பதும் மூன்றாம் இயலின் தொடர் உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதும் விளக்கப்படாமலே நின்றுவிடுகின்றன.

இவ்விரண்டும் ஒரே குறையின் இரு வெளிப்பாடுகள். கூறெடுப்பை முறையியல் இயலில் நிறைவேற்ற வேண்டிய சடங்காகக் கருதுவதே அக்குறை. புகையிலையைப் பொறுத்தவரை இதன் விளைவு கடுமையானது. புகையிலைப் பழக்கம் மக்களிடையே சீராகப் பரவியிருப்பதில்லை. பாலினம், வயது, தொழில், ஊர் ஆகியவற்றுக்கேற்ப அது திரண்டும் மறைந்தும் காணப்படுகிறது. குடும்பத்தாருக்குத் தெரியாமல் புகைப்போர் உண்டு. வெற்றிலையோடு புகையிலை போடுவதைப் 'புகையிலைப் பழக்கம்' என்றே எண்ணாதோரும் உண்டு. இத்தகைய நடத்தையை அளக்கும்போது யாரைத் தெரிவு செய்கிறோம் என்பதே அளவையின் பெரும்பகுதியாகிவிடுகிறது.

2. ஒரே நாடு, இரு எண்கள்

மும்பையிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2016-17இல் நடத்திய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின் இரண்டாம் சுற்றில் 15 வயதும் அதற்கு மேலும் உடைய 74,037 பேரிடம் நேர்காணல் நிறைவடைந்தது. அவர்களிடமிருந்து பெற்ற மதிப்பீட்டின்படி நாட்டின் வயதுவந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். ஆண்களில் இது 42.4 சதவீதம், பெண்களில் 14.2 சதவீதம்.

இதற்குச் சற்று முன்னர், 2015-16இல், நடந்த நான்காம் தேசியக் குடும்ப நல ஆய்வு பன்மடங்கு பெரியது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஏறத்தாழ ஏழு இலட்சம் பெண்கள், 1,12,122 ஆண்கள் அதில் அடங்குவர். அதன்படி ஆண்களில் 44.5 சதவீதமும் பெண்களில் 6.8 சதவீதமும் புகையிலையைப் பயன்படுத்தினர்.

ஆண்களைப் பற்றிய இரு எண்களும் நெருங்கி நிற்கின்றன. பெண்களைப் பற்றிய எண்ணோ பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மாதிரி பெரிதாயின் முடிவு துல்லியமாகும் என்ற பொது நம்பிக்கையின்படி ஏழு இலட்சம் பெண்களைக் கொண்ட ஆய்வையே ஏற்க வேண்டும். ஆனால் அவ்வெண்ணுக்குரிய முழுமைத்தொகுதி 15 முதல் 49 வயது வரையிலான பெண்கள் மட்டுமே. மகப்பேறு, குழந்தை நலம், ஊட்டச்சத்து ஆகியவற்றை அளக்கவே அவ்வாய்வு வடிவமைக்கப்பட்டது. அந்நோக்கத்துக்கு இவ்வயது எல்லை பொருந்தும். புகையில்லாப் புகையிலையைப் பெண்களில் மூத்த வயதினரே மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். ஆகவே ஐம்பதைக் கடந்த பெண்களை விலக்கும் மாதிரி எவ்வளவு பெரிதானாலும், பெண்களின் புகையிலைப் பயன்பாட்டைக் குறைத்தே காட்டும். சமவாய்ப்புப் பிழையை மாதிரியின் பருமன் குறைக்கும். சட்டகத்தின் விடுபாட்டை அது குறைக்காது.

வயது எல்லை ஒன்றே காரணம் என்றும் கொள்வதற்கில்லை. வயதுவந்தோர் புகையிலை ஆய்வு பீடி, சிகரெட், கைனி, குட்கா, புகையிலை சேர்ந்த வெற்றிலை எனப் பொருள்வாரியாகக் கேட்கிறது. குடும்ப நல ஆய்வில் இவ்வினாக்கள் மிக நீண்ட நேர்காணலின் ஒரு சிறு பகுதி. எனவே இரு எண்களின் இடைவெளியில் மாதிரியால் விளைந்த பகுதியும் வினாவால் விளைந்த பகுதியும் கலந்துள்ளன. மேற்கோள் காட்டுவோர் இவற்றைப் பிரித்தறிய முயல வேண்டும்.

2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்று மேலும் ஒரு படிப்பினையைத் தருகிறது. அதன் சுருக்க அட்டவணையில் புகையிலைப் பயன்பாடு 15 வயதும் அதற்கு மேலும் உடையோருக்குத் தரப்பட்டுள்ளது: ஆண்கள் 38.0 சதவீதம், பெண்கள் 8.9 சதவீதம். நான்காம் சுற்றின் 6.8 சதவீதத்தை இதனருகே வைத்துப் பார்ப்பவர், பெண்களிடையே புகையிலைப் பயன்பாடு கூடிவிட்டது என்ற முடிவுக்கு வருவார். ஆனால் 15–49 வயதுப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்தாம் சுற்றின் எண் ஏறத்தாழ 4 சதவீதமே. அதாவது ஒத்த வயதினரிடையே நேர்ந்தது வீழ்ச்சி. ஏற்றம் எனத் தோன்றுவது முழுமைத்தொகுதியின் வரையறை மாறியதால் வந்தது.

15 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்குமான மேற்கண்ட எண் வீட்டுப் பட்டியலிலிருந்து பெறப்பட்டது என்பதையும் கருத வேண்டும். வீட்டாருள் ஒருவர் ஏனையோர் சார்பாகவும் பதில் அளிக்கிறார். மாமியாரின் பழக்கத்தை மருமகளும், மகனின் பழக்கத்தைத் தாயும் சொல்லும் நிலை இது. முன்னவர் மரியாதை கருதி மறைக்கக்கூடும். பின்னவருக்கு உண்மை தெரியாமலே இருக்கக்கூடும். வயது எல்லை ஒன்றாக இருந்தும், தாமே பதிலளித்த 2016-17 ஆய்வில் பெண்களின் விகிதம் 14.2 சதவீதமாகவும் பிறர் சார்பில் பதில் பெற்ற 2019-21 ஆய்வில் 8.9 சதவீதமாகவும் இருக்கின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் உண்மையான குறைவும் நேர்ந்திருக்கலாம். ஆயினும் பதில் சொல்பவர் மாறியிருக்கும்போது இவ்விடைவெளி முழுவதையும் கொள்கையின் வெற்றியாகக் கொள்ள இயலாது.

3. வாசற்படியில் நிகழும் தெரிவு

கூறெடுப்பு பற்றிய நம் பாடநூல்கள் மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் எனப் படிப்படியாக இறங்கி வீட்டோடு நின்றுவிடுகின்றன. வீட்டினுள் யாரைத் தெரிவு செய்வது என்ற வினா களப்பணியாளரின் வசதிக்கு விடப்படுகிறது. புகையிலை ஆய்வுகளில் மிகப் பெரிய சாய்வு நுழையும் வாயில் இதுவே.

பகற்பொழுதில் கதவைத் தட்டினால் வீட்டில் இருப்போர் பெரும்பாலும் முதியோர், வேலைக்குச் செல்லாத பெண்கள், மாணவர்கள். பீடியும் சிகரெட்டும் பயன்படுத்துவோரில் பெரும்பாலோரான உழைக்கும் வயது ஆண்கள் அப்போது வீட்டில் இருப்பதில்லை. 'கிடைத்தவரைக் கேட்டல்' என்னும் நடைமுறை, புகைப்போரை விலக்கும் வடிகட்டியாகச் செயற்படுகிறது. இதனை உணர்ந்தே லெஸ்லி கிஷ் 1949இல், வீட்டிலுள்ள தகுதியுடையோரைப் பட்டியலிட்டு முன்னரே வகுத்த அட்டவணையின்படி ஒருவரைத் தெரிவு செய்யும் முறையை வெளியிட்டார். வயதுவந்தோர் புகையிலை ஆய்வில் இத்தெரிவைக் கையடக்கக் கருவி சமவாய்ப்பு முறையில் செய்கிறது. கருவி சுட்டியவர் வெளியே சென்றிருந்தால் மீண்டும் செல்ல வேண்டும். அவருக்குப் பதிலாக வேறொருவரைக் கேட்கக் கூடாது.

ஒரு வீட்டுக்கு ஒருவர் என்ற விதி தன்னளவில் ஒரு புதிய கடமையையும் உருவாக்குகிறது. தனித்து வாழ்பவர் தெரிவாகும் வாய்ப்பு முழுமையானது. நால்வர் வாழும் வீட்டில் அது நான்கில் ஒன்று. இவ்வேறுபாட்டை எடையிடுதலால் ஈடுசெய்யாவிடில் விளைவது என்ன என்பதை ஒரு கற்பிதக் கணக்கால் காணலாம்.

நூறு வீடுகளைக் கொண்ட ஓர் ஊரில் ஐம்பது வீடுகளில் வேலைநிமித்தம் வந்து தனித்துத் தங்கியோர் தலைக்கு ஒருவராக வாழ்கின்றனர். ஏனைய ஐம்பது வீடுகளில் தலா நான்கு வயதுவந்தோர் உள்ளனர். தனித்துத் தங்கியோரில் 40 சதவீதமும் குடும்பத்தாரில் 10 சதவீதமும் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர் எனக் கொள்வோம். ஊரிலுள்ள 250 வயதுவந்தோரில் பயன்படுத்துவோர் 20+20=40 பேர், அதாவது 16 சதவீதம். இப்போது நூறு வீடுகளிலும் வீட்டுக்கு ஒருவரைச் சமவாய்ப்பு முறையில் கேட்டால் முதல் வகையில் 20 பேரும் இரண்டாம் வகையில் எதிர்பார்ப்பின்படி 5 பேரும் கிடைப்பர். எடையிடாத விகிதம் 25 சதவீதம். குடும்பத்தாரின் பதில் ஒவ்வொன்றுக்கும் நான்கு என எடையிட்டால் (20+20)/250 என மீண்டும் 16 சதவீதத்தை அடைகிறோம். கூறெடுப்பில் தவறில்லை, வினாவிலும் தவறில்லை. எடையை மறந்ததால் மட்டுமே ஒன்பது சதவீதப் புள்ளிகள் கூடின. வீட்டுக்கு ஒருவரைக் கேட்டதாகக் கூறும் ஆய்வேடு எடையிடுதல் பற்றி எதுவும் சொல்லவில்லையாயின், அதன் விகிதத்தை ஊரின் விகிதமாகக் கொள்ள இயலாது.

மாற்றுவீடு என்னும் நடைமுறையும் இவ்வகையினதே. பூட்டிய வீட்டை விட்டு அடுத்த வீட்டைச் சேர்த்துக்கொண்டால் மாதிரியின் எண்ணிக்கை குறையாது; ஆனால் பதில் கிடைக்காமையின் அளவு அறிக்கையிலிருந்து மறைந்துவிடும். 400 பேரை நாடி 310 பேரின் பதிலைப் பெற்றதாகக் கூறும் ஆய்வு, 400க்கு 400 நிறைவு செய்ததாகக் கூறும் ஆய்வைவிட நம்பத்தக்கதாக இருக்கக்கூடும்.

4. கொத்தும் பிழை எல்லையும்

நாட்டளவிலான ஆய்வுகள் எவையும் எளிய சமவாய்ப்பு முறையைப் பின்பற்றுவதில்லை. வயதுவந்தோர் புகையிலை ஆய்வு ஊரகத்தில் இரு படிகளிலும் நகர்ப்புறத்தில் மூன்று படிகளிலும் அமைந்த கொத்துக் கூறெடுப்பு. ஊரகத்தில் சிற்றூரும் பின்னர் வீடும், நகரில் வார்டும் கணக்கெடுப்புத் தொகுதியும் பின்னர் வீடும் தெரிவு செய்யப்படுகின்றன. செலவைக் குறைக்க இது இன்றியமையாதது. ஆனால் ஒரே ஊரில் வாழ்வோர் பழக்கத்தில் ஒருவரையொருவர் ஒத்திருப்பர். ஒரு கடை, ஒரு வேலைத்தலம், ஒரு நட்பு வட்டம் ஆகியன பழக்கத்தைப் பகிர்ந்தளிக்கின்றன. ஆகவே அதே ஊரிலிருந்து சேர்க்கப்படும் அடுத்தடுத்த நேர்காணல்கள் தரும் புதிய செய்தி குறைந்துகொண்டே செல்கிறது.

இக்குறைவை அளப்பதே வடிவமைப்பு விளைவு. கொத்தினுள் ஒப்புமைக் கெழுவை 0.07 எனக் கொண்டால், கொத்துக்கு 30 பேரைக் கேட்கும் ஆய்வில் விளைவு 1+(29×0.07)=3.03. கொத்துக்கு 15 பேராயின் 1+(14×0.07)=1.98. மொத்தம் 2,313 நேர்காணல்கள் உள்ள மாதிரி, முதல் நிலையில் 763 பேரைக் கொண்ட எளிய சமவாய்ப்பு மாதிரிக்கும் இரண்டாம் நிலையில் 1,168 பேரைக் கொண்ட மாதிரிக்கும் ஈடாகும். ஒரே எண்ணிக்கையிலான உழைப்பு, ஊர்களைக் கூட்டி ஊருக்குரிய ஆள்களைக் குறைத்தால் கூடுதல் பயன் தருகிறது.

தமிழ்நாட்டைப் பற்றிய ஒரு முடிவை இதன் வழி நோக்கலாம். வயதுவந்தோர் புகையிலை ஆய்வின் முதற் சுற்றை 2009-10இல் மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தியது. நாட்டளவில் 34.6 சதவீதமாக இருந்த பயன்பாடு இரண்டாம் சுற்றில் 28.6 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டிலோ 16.2 சதவீதத்திலிருந்து 20.0 சதவீதமாகக் கூடியது. குட்கா, பான் மசாலா ஆகியவற்றுக்கு மாநில அரசு 2013இல் விதித்த தடை இவ்விரு சுற்றுகளுக்கும் இடைப்பட்டது. எனவே இவ்வேற்றம் கொள்கை வகுப்போரின் கவனத்துக்கு உரியது. தடை தோற்றது என வாதிடவும் இது பயன்படக்கூடும்.

3.8 சதவீதப் புள்ளிகளின் ஏற்றம் எந்த அளவுக்கு உறுதியானது? முதற் சுற்றில் 69,296 நேர்காணல்கள் 29 மாநிலங்களிலும் இரு ஒன்றியப் பகுதிகளிலும் நடந்தன. இரண்டாம் சுற்றின் 74,037 நேர்காணல்கள் 30 மாநிலங்களிலும் இரு ஒன்றியப் பகுதிகளிலும் நடந்தன. பகிர்ந்தால் முறையே 2,235, 2,313 என்பன சராசரி மாதிரிகள். இச்சராசரிப் பருமனை எடுத்துக்காட்டாகக் கொண்டு கணக்கிட்டால், வடிவமைப்பு விளைவு 2 எனில் ஏற்றத்தின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.6 முதல் 7.0 புள்ளிகள் வரை அமைகிறது. விளைவு 3 எனில் அது −0.1 முதல் 7.7 வரை விரிந்து பூச்சியத்தையும் உள்ளடக்கிவிடுகிறது. முதல் நிலையில் ஏற்றம் உண்டு எனலாம். இரண்டாம் நிலையில் உறுதியாகச் சொல்ல முடியாது. விகிதங்கள் மாறவில்லை, மாதிரியின் பருமனும் மாறவில்லை. கொத்தின் அமைப்பு மட்டுமே முடிவைப் புரட்டிவிடுகிறது. மாநில அளவிலான எண்ணை மேற்கோள் காட்டும் ஆய்வாளர், அறிக்கையின் பின்னிணைப்பிலுள்ள பிழை மதிப்பீட்டு அட்டவணையையும் உடன் காட்ட வேண்டிய காரணம் இதுவே. மாநிலத்துக்கெனச் சராசரியாக ஈராயிரத்துச் சொச்சம் பேரைக் கொண்ட மாதிரியிலிருந்து மாவட்ட அளவிலான முடிவுகளைப் பிழிந்தெடுப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

5. சட்டகத்துக்கு வெளியே நிற்போர்

கூறெடுப்பின் தொடக்கம் ஒரு பட்டியல். பட்டியலில் இல்லாதவர் தெரிவாகும் வாய்ப்பு பூச்சியம். வயதுவந்தோர் புகையிலை ஆய்வின் இரண்டாம் சுற்றுக்கு 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சட்டகமாயிற்று. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அதன் பின்னரும் அப்பட்டியலையே நம்ப வேண்டியதாயிற்று. நகரங்களின் விளிம்பில் புதிதாக எழுந்த குடியிருப்புகள் பட்டியலில் தம் உண்மை அளவில் இடம்பெறுவதில்லை.

வீட்டை அலகாகக் கொண்ட ஆய்வுகள், நிறுவன வளாகங்களில் தங்குவோரை வரையறையாலேயே விலக்குகின்றன. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தலங்களிலும் பணிபுரியும் வடமாநிலத் தொழிலாளர்களில் பலர் ஆலை விடுதிகளிலும் தகரக் கொட்டகைகளிலும் தங்குகின்றனர். கைனி, குட்கா ஆகியவற்றின் பயன்பாடு தமிழ்நாட்டைவிட மிகுந்துள்ள மாநிலங்களிலிருந்து வருவோரும் அவர்களில் உளர். அவர்களைத் தொடாத ஆய்வு, 'தமிழ்நாட்டில் வாழ்வோரின்' பயன்பாட்டை அளந்ததாகக் கூறுவது பொருந்தாது. 'தமிழ்நாட்டின் வழக்கமான வீடுகளில் வாழ்வோர்' என்றே அதன் முழுமைத்தொகுதியைக் குறிப்பிட வேண்டும்.

இளையோர் ஆய்விலும் இதே நிலைதான். 2019இல் நடந்த இளையோர் புகையிலை ஆய்வின் நான்காம் சுற்றில் 987 பள்ளிகளைச் சேர்ந்த 97,302 மாணவர்கள் பங்கேற்றனர். 13–15 வயதினரில் 8.5 சதவீதத்தினர் புகையிலையைப் பயன்படுத்தியதாக அது கண்டது. பள்ளிகளைத் தெரிவு செய்து, பின் வகுப்புகளைத் தெரிவு செய்து, வகுப்பிலுள்ளோர் அனைவரையும் எழுத்துவழி வினவும் இம்முறை திறன்மிக்கது. பெயர் குறிப்பிடாமையால் மாணவர் அஞ்சாமல் பதிலளிக்கவும் வாய்ப்புண்டு. எனினும் அவ்வெண் பள்ளியில் பயில்வோருக்கு உரியது. படிப்பை இடைநிறுத்திப் பட்டறைகளிலும் கடைகளிலும் வேலைசெய்யும் சிறார் அதில் இல்லை. புகையிலையின் அண்மை அவர்களுக்கே மிகுதி. ஆகவே '13–15 வயதினரில்' என எழுதுவதும் '13–15 வயது மாணவரில்' என எழுதுவதும் ஒன்றல்ல.

புகையிலையோடு தொழில்வழித் தொடர்புடையோரை ஆய்வதற்கு வீட்டுச் சட்டகம் வேறு வகையில் போதாது. திருநெல்வேலி, வேலூர் வட்டாரங்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரரின் பதிவேட்டைச் சட்டகமாகக் கொண்டால், ஒருவர் பெயரில் பெற்ற இலையையும் தூளையும் வீட்டிலுள்ள பலர் சேர்ந்து சுற்றுவது கணக்கில் வராது. பீடித் தொழிலாளர் நல நிதியின் அடையாள அட்டையைச் சட்டகமாகக் கொண்டால், அட்டை கிடைக்காதவர் விடுபடுவர். நலத்திட்டம் எட்டாதவரே ஆய்வுக்கும் எட்டாதவராகிவிடும் இரட்டை விடுபாடு இது. இங்கே ஏற்புடையது, தெருக்களைக் கொத்துகளாக்கி, வீடுதோறும் சுற்றுவோரை முதலில் பட்டியலிட்டு, அப்பட்டியலிலிருந்து தெரிவு செய்வது. உழைப்பு மிகுதி எனினும் சட்டகத்தை ஆய்வாளரே உருவாக்குவதால் விடுபாடு குறைகிறது.

6. ஆயத்த எண்கள்: 384, 400, 210

முனைவர் பட்ட ஆய்வுகளின் மாதிரிப் பருமன் பெரும்பாலும் சில ஆயத்த எண்களைச் சுற்றியே அமைகிறது. 384 என்பது கிரெஜ்சியும் மோர்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருவது. 400 என்பது தாரோ யமானேயின் சூத்திரத்தில் பிழை எல்லையை 5 சதவீதமாகக் கொள்ளும்போது பெரும் முழுமைத்தொகுதிக்குக் கிடைப்பது. இரண்டும் விகிதம் 50 சதவீதம் என்றும், எளிய சமவாய்ப்புத் தெரிவு நிகழ்ந்தது என்றும் கருதிக்கொள்பவை. ஊர் ஊராகக் கொத்துகளில் திரட்டிய மாதிரிக்கு இரண்டாவது கருதுகோள் பொருந்தாது.

முதல் கருதுகோளும் ஆராய்தற்குரியது. பெண்களிடையே பயன்பாடு 5 சதவீதம் உள்ள ஓர் ஊரில் 400 பேரைக் கேட்டால், அவர்களுள் 200 பேர் பெண்களாயின், புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் எதிர்பார்ப்பின்படி 10 பேர். அப்பத்துப் பேரையும் வயது, கல்வி, வருமானம், தொழில் எனப் பகுத்துக் கைவர்க்கச் சோதனைக்கு உட்படுத்தினால் கட்டங்கள் பலவும் வெறுமையாகும். அதிலிருந்து 'கல்விக்கும் பெண்களின் புகையிலைப் பயன்பாட்டுக்கும் தொடர்பில்லை' என முடிவுரைத்தால், தொடர்பில்லை என்பதற்குச் சான்று கிடைத்ததாகப் பொருளில்லை. தொடர்பைக் காணும் ஆற்றல் மாதிரிக்கு இல்லை என்பதே பொருள்.

முப்பது கொத்துகள், கொத்துக்கு ஏழு பேர் என்னும் 210இன் வரலாறும் நினைவுகூரத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனத்தின் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தில், தடுப்பூசி பெற்றோரின் விகிதத்தை ஏறத்தாழ பத்துப் புள்ளிகள் கூடக்குறைய அறிவதற்காக அம்முறை பரவலாயிற்று. ஊரின் நடுவிலிருந்து ஏதேனும் ஒரு திசையைத் தேர்ந்து, முதல் வீட்டை அடைந்து, அடுத்தடுத்த வீடுகளுக்குச் செல்வது அதன் எளிய வடிவம். பெரும்பான்மைக் குழந்தைகள் பெற்ற ஒன்றை விரைந்து அளக்க அது போதுமானது. சிறுபான்மையினரின் மறைவான பழக்கத்தை அளக்கவும் ஆண்டுதோறும் நேரும் சிறு மாற்றங்களை அறியவும் அது போதாது. ஒரு நோக்கத்துக்குச் சிறந்த முறை மற்றொன்றுக்கும் சிறந்ததாகிவிடாது.

7. வினாவிலிருந்து முறைக்கு

'எந்தக் கூறெடுப்பு முறை சிறந்தது' என்ற வினாவுக்கு விடையில்லை. ஆய்வு வினா முறையைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒரு பகுதியின் பயன்பாட்டு விகிதத்தை அறிவதே நோக்கமெனில் நிகழ்தகவுக் கூறெடுப்பு தவிர்க்க இயலாதது. தனி ஆய்வாளர் ஒருவருக்கு மாநிலம் முழுமையும் இயலாது. ஒரு நகராட்சியோ ஓர் ஒன்றியமோ இயலும். வாக்காளர் பட்டியலின் பாகங்களைக் கொத்துகளாகக் கொண்டு, தெரிவான பாகங்களில் வீடுகளைப் புதிதாகப் பட்டியலிட்டுக்கொள்ளலாம். பட்டியலிலுள்ள பெயர்களை அப்படியே சட்டகமாக்கினால் 15–17 வயதினரும் புதிதாகக் குடிவந்தோரும் விடுபடுவர். கிராமச் சுகாதாரச் செவிலியரின் குடும்பப் பதிவேட்டை ஒப்புநோக்கி விடுபாட்டைக் குறைக்கலாம். எதிர்பார்க்கும் விகிதம் 20 சதவீதம், வேண்டும் பிழை எல்லை 3 புள்ளிகள் எனில் எளிய சமவாய்ப்பு முறையில் 683 பேர் தேவை. வடிவமைப்பு விளைவை 2 எனக் கொண்டால் 1,366 பேர். அத்தனை பேரைச் சந்திக்க இயலாதெனில் ஆய்வாளர் தம் வினாவைச் சுருக்கிக்கொள்வதே நேர்மையான வழி.

காலப்போக்கை அறிய வேண்டுமெனில் வயது எல்லை, சட்டகம், வினா, பதிலளிப்பவர் ஆகிய நான்கும் இரு சுற்றுகளிலும் ஒத்திருக்க வேண்டும். குடும்ப நல ஆய்வின் சுற்றுகள் பற்றி மேலே கண்டது இவற்றுள் வயது எல்லையும் பதிலளிப்பவரும் மாறியதன் விளைவு. விடுதிகளிலும் கொட்டகைகளிலும் வாழ்வோரைப் பற்றியதாயின், அவர்கள் கூடும் இடத்தையும் நேரத்தையும் சட்டகமாக்கும் இட–நேரக் கூறெடுப்பு பொருந்தும். டக்ளஸ் ஹெக்கதோர்ன் 1997இல் முன்வைத்த, பதிலளிப்போர் வழி நடத்தும் கூறெடுப்பும் கருதத்தக்கது. ஆனால் அதில் ஒவ்வொருவருடைய அறிமுக வட்டத்தின் அளவையும் யார் யாரை அழைத்துவந்தார் என்பதையும் பதிந்து எடையிட வேண்டும். அவற்றைப் பதியாமல் செய்வது பழைய பனிப்பந்து முறையே.

பழக்கத்தைக் கைவிட முயன்றோரின் அனுபவத்தை அறிவதே நோக்கமெனில், இருபது பேரைக் கொண்ட நோக்கக் கூறெடுப்பு போதும். அதில் விகிதங்களுக்கும் பிழை எல்லைகளுக்கும் இடமில்லை. மருத்துவமனையின் புகையிலைக் கைவிடல் பிரிவுக்கு வந்த இருபது பேரைச் 'சமவாய்ப்பு முறையில் தெரிவு செய்யப்பட்டோர்' என எழுதும்போதே அவ்வாய்வு தன் வலிமையை இழக்கிறது. அவர்கள் ஏன் தெரிவு செய்யப்பட்டனர் என விளக்கியிருந்தால் அதுவே ஆய்வின் வலிமையாகியிருக்கும்.

8. முடிவுரை

பெண்களின் புகையிலைப் பயன்பாடு 14.2 சதவீதமாகவும் 6.8 சதவீதமாகவும் 8.9 சதவீதமாகவும் ஏறத்தாழ 4 சதவீதமாகவும் ஐந்தாறு ஆண்டு இடைவெளிக்குள் பதிவாகியுள்ளது. நான்கும் முறையான ஆய்வுகளின் எண்களே. அவை வெவ்வேறு முழுமைத்தொகுதிகளைப் பற்றி, வெவ்வேறு பதிலளிப்போரிடமிருந்து பெறப்பட்டவை. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்தாளும் ஆய்வு, தான் தேர்ந்த எண் யாரைப் பற்றியது எனச் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

இதனால் பாதிக்கப்படுவது ஆய்வேட்டின் தரம் மட்டுமன்று. ஐம்பதைக் கடந்த பெண்களும் விடுதித் தொழிலாளர்களும் பள்ளியை விட்ட சிறாரும் எண்ணில் இடம்பெறாவிடில், கைவிடல் சிகிச்சைக்கும் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் வகுக்கப்படும் திட்டங்களிலும் இடம்பெறமாட்டார்கள். தமிழில் வெளிவரும் ஆய்விதழ்கள், களஆய்வுக் கட்டுரைகளிடம் ஐந்து செய்திகளையேனும் கட்டாயமாகக் கேட்டுப் பெறலாம்: முழுமைத்தொகுதியின் வரையறை, சட்டகம், வீட்டினுள் தெரிவு நிகழ்ந்த முறை, நாடியோர் தொகையும் பதிலளித்தோர் தொகையும், எடையிட்ட விதம். இவ்வைந்துக்கும் அரைப்பக்கம் போதும். மதிப்பீட்டாளர்கள் அவ்வரைப்பக்கத்தை வலியுறுத்தினால் 'சமவாய்ப்பு முறை' என்ற சொல் தன் பொருளை மீண்டும் பெறும்.